வைரஸின் புரதம் வீக்கத்தைத் தணிக்குமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

எங்கள் அம்மாவுக்குச் சரவாங்கி. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத்தான் தூக்குவார். வெயில் ஏறிய பிறகுதான் கை கொஞ்சம் வசப்படும். ஒருநாள் அவரிடம், "வைரஸ்ல இருக்கற ஒரு புரதம் வீக்கத்தைக் குறைக்குதாம்மா, அதை மருந்தாக்கப் பாக்குறாங்க" என்றேன். "இருக்கற நோவு போதாதுன்னு வைரஸை வேற உள்ள விடணுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கொரோனா காலத்தைக் கடந்து வந்த யாருக்கும் வைரஸ் என்ற சொல்லே பயத்தைக் கொடுக்கும். அம்மாவைப் போலப் பலரும் கேட்கிற சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வைரஸ் வந்தால்தானே காய்ச்சலும் வீக்கமும் வருகிறது? அதன் புரதம் எப்படி அவற்றைக் குறைக்கும்?

காய்ச்சல், சிவப்பு, சூடு, வலி, வீக்கம் எல்லாம் பெரும்பாலும் நம் உடலே செய்கிற வேலை. விரலில் முள் ஏறினால் அரைமணி நேரத்தில் அந்த இடம் சிவந்து விண்ணென்று தெறிக்கிறது அல்லவா? தசைக்குள் காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணு ஆபத்தை மோப்பம் பிடித்து, சைட்டோகைன் என்ற செய்திப் புரதங்களை வெளிவிடுகிறது. டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. செய்தி கிடைத்ததும் ரத்தக்குழாயின் சுவர் இளகுகிறது. கீமோகைன் என்ற இன்னொரு வகைப் புரதம் வழி காட்ட, ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு இறங்குகின்றன. இதைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். முள்ளோ கிருமியோ போனதும் அது அடங்கிவிட வேண்டும். அம்மாவின் மூட்டில் அது அடங்குவதில்லை.

இனி வைரஸின் பக்கம் பார்ப்போம். வெள்ளை அணுக்கள் வந்து சேர்வதற்குள் அது பெருகியாக வேண்டும். எனவே செய்தி போகும் வழியிலேயே கை வைக்கிறது. எல்லா வைரஸுக்கும் இதற்கான வசதி ஒரே அளவில் இல்லை. எய்ட்ஸ் வைரஸிடம் இருப்பது ஒன்பது மரபணுக்கள்தான். பெரியம்மை இனத்து வைரஸ்களிடம் சுமார் 200 மரபணுக்கள் உண்டு. அவற்றில் கணிசமானவை பெருகுவதற்கே தேவையில்லாதவை. நம் எதிர்ப்பைச் சமாளிக்கவே அவற்றை அது சுமந்து திரிகிறது. அவற்றுள் சில, என்றோ ஒரு காலத்தில் பிராணிகளின் உடலிலிருந்தே வைரஸ் எடுத்துக்கொண்டவை என்று கருதப்படுகின்றன. அந்த அளவுக்கு நம் புரதங்களின் சாயல் அவற்றில் தெரிகிறது.

ஓர் உதாரணம். டிஎன்எஃப் செய்தியை வாங்க நம் அணுக்களின் மேல் ஓர் ஏற்பி இருக்கிறது. முயல்களைத் தாக்கும் மிக்சோமா வைரஸ் அதே மாதிரி ஓர் ஏற்பியைச் செய்து அணுவுக்கு வெளியே மிதக்க விடுகிறது. டிஎன்எஃப் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். உண்மையான ஏற்பிக்கு வந்து சேராது. 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி இது. சரவாங்கிக்கு இன்று போடப்படும் எட்டனெர்செப்ட் ஊசி வேலை செய்வதும் இதே வழியில்தான். அதில் இருப்பது வைரஸின் ஏற்பி அல்ல, மனித ஏற்பி. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1998-இல். நம் மருந்து ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு வைரஸ் எத்தனையோ காலம் முன்பே வந்துவிட்டிருந்தது.

இதெல்லாம் ஊகமா, கண்ணால் பார்த்ததா?

கண்ணாலேயே பார்க்கலாம். மாட்டம்மை வைரஸை ஆய்வுக்கூடத்தில் கோழி முட்டையில் வளர்ப்பார்கள். கரு வளரும் முட்டையின் ஓட்டை ஓரிடத்தில் நீக்கினால் உள்ளே ரத்தக்குழாய்கள் ஓடும் மெல்லிய சவ்வு தெரியும். அதன்மேல் வைரஸை விட்டால் சில நாளில் புள்ளி புள்ளியாகப் புண் எழும்பும். பெரும்பாலும் செக்கச்செவேல் என்ற ரத்தப் புள்ளிகள். நடுநடுவே எப்போதாவது ஒன்று மட்டும் பால் வெள்ளையாக நிற்கும்.

அந்த வெள்ளைப் புள்ளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இடைவெளியில்லாமல் வெள்ளை அணுக்கள் மொய்த்திருப்பது தெரிகிறது. சிவப்புப் புள்ளியில் அந்தக் கூட்டம் இல்லை. அங்கே வைரஸ் தாராளமாகப் பெருகியிருக்கிறது. வெள்ளைப் புள்ளி போட்ட வைரஸை ஆராய்ந்தபோது அதில் ஒரு மரபணு தொலைந்திருந்தது தெரியவந்தது. அந்த மரபணு செய்யும் புரதத்துக்கு கிர்ம்-ஏ என்று பெயர். இன்டர்லூகின்-1 முதலில் அரைகுறையாகத்தான் உருவாகும். அதை வெட்டித் தயார்நிலைக்குக் கொண்டுவர நம் அணுவில் ஒரு நொதி உண்டு. கிர்ம்-ஏ அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது என்று 1992-இல் தெளிவானது. ஒரே ஒரு புரதம் போனதால் புண்ணின் நிறமே மாறியிருக்கிறது.

வைரஸின் புரதத்தை ஊசியாகப் போட்டால் வைரஸ் நோய் வந்துவிடாதா?

வராது. வைரஸ் பெருக அதன் மரபணுத் தொகுப்பு முழுவதும் வேண்டும். ஒற்றைப் புரதத்துக்குள் மரபணு எதுவும் கிடையாது. அது தன்னைப்போல் இன்னொன்றைப் பிறப்பிக்க முடியாது. வேலையை முடித்துவிட்டுச் சிதைந்துபோகும். இந்தப் புரதங்களை வைரஸிலிருந்து பிழிந்து எடுப்பதும் இல்லை. தேவையான ஒரு மரபணுவை மட்டும் ஆய்வுக்கூட அணுக்களுக்குள் வைத்து அவற்றைச் செய்யச் சொல்கிறார்கள். கீழே சொல்லப்போகும் செர்ப்-1 வெள்ளெலியின் சினைப்பை அணுக்களில் வளர்க்கப்பட்டது. நம் குழந்தைகளுக்குப் போடும் மஞ்சள்காமாலை-பி தடுப்பூசியும் ஒரு வைரஸ் புரதம்தான், ஈஸ்ட்டில் செய்தது. அதைப் போட்டு யாருக்கும் காமாலை வந்ததில்லை.

ஆனால் தடுப்பூசிப் புரதத்தையும் இதையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம். தடுப்பூசியின் வேலை வெள்ளை அணுக்களுக்கு எதிரியை அடையாளம் காட்டி உசுப்புவது. இதன் வேலை அவற்றைச் சாந்தப்படுத்துவது.

நமக்குக் கெடுதல் செய்யும் உயிரிடமிருந்து மருந்து எடுப்பது புதிதும் அல்ல. சித்த மருத்துவத்தில் அட்டை விடல் உண்டு. அட்டையின் உமிழ்நீரில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின் என்ற பொருள் இருக்கிறது. அதைப் பின்பற்றிச் செய்த மருந்து இன்று இதய ஆஞ்சியோ அறைகளில் புழங்குகிறது. ரத்தக்கொதிப்புக்கான கேப்டோபிரில் மாத்திரைக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷம்.

முயலைக் கொல்லும் வைரஸிலிருந்து ஒரு புரதத்தை எடுத்து மனிதருக்குப் போட்டார்களாமே? பயமாக இல்லையா?

இந்தப் பயத்துக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. மிக்சோமா வைரஸ் முதலில் கண்ணில் பட்டது 1896-இல், உருகுவே நாட்டின் மான்டிவிடியோவில். சனரெல்லி என்ற இத்தாலிய ஆய்வாளரின் கூடத்தில் இருந்த ஐரோப்பிய முயல்கள் கண்ணும் முகமும் வீங்கிச் செத்தன. தென்னமெரிக்கக் காட்டு முயலுக்கு அதே வைரஸால் வருவது தோலில் ஒரு கட்டி மட்டுமே.

ஆஸ்திரேலியாவில் 1859-இல் வேட்டைக்காக விடப்பட்ட முயல்கள் பெருகிப் பெருகி மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடித்தன. அவற்றை ஒழிக்க 1950-இல் மர்ரே ஆற்றுப் பகுதியில் இந்த வைரஸை விட்டார்கள். கொசுக்கள் அதைப் பரப்பின. தொடக்கத்தில் தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் செத்தன. அதே சமயத்தில் மில்டுரா வட்டாரத்தில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவியது. முயல் வைரஸ்தான் காரணமோ என்று ஊரே நடுங்கியது. அந்தச் சந்தேகத்தில் தப்பு எதுவும் இல்லை. நாமாக இருந்தாலும் அதையே கேட்டிருப்போம்.

அதற்கு மூன்று விஞ்ஞானிகள் சொன்ன பதில் என்னை இன்றும் நெகிழ வைக்கிறது. மேக்ஃபார்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் குளூனிஸ் ராஸ் ஆகிய மூவரும் முயலைக் கொல்லும் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் கொசு பரப்பும் வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. பர்னெட் பின்னாளில், 1960-இல், நோபல் பரிசு பெற்றார். உலகத்திலிருந்து பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980 மே மாதம் உலக சுகாதார சபையில் அறிவித்தவர் இதே ஃபென்னர்தான்.

மிக்சோமா மனிதரைத் தாக்குவதில்லை. நாம் பேசும் மருந்தில் அந்த வைரஸும் இல்லை. அதன் ஒரு புரதமான செர்ப்-1 மட்டும்தான்.

அந்த செர்ப்-1 வெள்ளை அணுக்களை என்ன செய்கிறது?

மருத்துவம் படிக்காதவர்களும் இதை எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். வெள்ளை அணு ரத்தக்குழாயிலிருந்து தசைக்குள் போக வேண்டுமென்றால் வழியில் இருக்கும் இழைகளை வெட்டிக்கொண்டுதான் போக முடியும். அதற்கு யூரோகைனேஸ் போன்ற நொதிகளைக் கத்தி போலப் பயன்படுத்துகிறது. மாரடைப்பு வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்; யூரோகைனேஸும் கட்டியைக் கரைக்கத் தெரிந்ததுதான். மேக்ரோஃபேஜ் தன் மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பியில் அதைச் செருகி வைத்திருக்கிறது. வெறும் கத்தியுறை அல்ல அந்த ஏற்பி. நகர், ஒட்டிக்கொள், செய்தி அனுப்பு என்ற கட்டளைகளும் அதன் வழியாகவே அணுவுக்குள் போகின்றன.

செர்ப்-1 ஓர் எலிப்பொறி. அதன் ஒரு முனையில் வளையம் போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நொதி அதை இரை என்று எண்ணி வெட்டும். வெட்டிய நொடியில் வளையம் சுருண்டு மடங்கி, நொதியையும் இழுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போய் நசுக்கிவிடும். பொறியும் அத்தோடு சரி, மறுபடி உதவாது. கத்தியை இழந்த வெள்ளை அணுக்கள் புண்பட்ட ரத்தக்குழாய்ச் சுவருக்குள் கூட்டமாக நுழைவது குறைகிறது. அந்த ஏற்பி இல்லாத எலிகளில் சோதித்தபோது செர்ப்-1-இன் பலன் கிடைக்கவில்லை. அப்படியானால் அது வெள்ளை அணுவின் மேல் இந்த இடத்தைத்தான் முக்கியமாகப் பிடிக்கிறது என்று தெரிகிறது. அணு சாவதில்லை. அதன் அவசரம்தான் குறைகிறது.

நம் ரத்தத்திலும் இதே குடும்பத்துப் பொறிப் புரதங்கள் பல உண்டு. அவை இல்லாவிட்டால் ஒவ்வொரு சின்னக் காயமும் நம்மை அரித்துவிடும்.

மனிதர்களிடம் சோதித்து என்ன கண்டார்கள்?

அலெக்ஸாண்ட்ரா லூகாஸ் இதய மருத்துவர். கிராண்ட் மெக்ஃபேடன் அம்மை இன வைரஸ்களையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். இருவரும் கனடாவில் சேர்ந்து வேலை செய்தார்கள். பலூன் வைத்து விரித்த முயலின் ரத்தக்குழாயில் செர்ப்-1 மிக நுண்ணிய அளவிலேயே அடைப்பு வளர்வதைக் குறைத்தது என்று 1996-இல் வெளியிட்டார்கள்.

பிறகு மனிதர்கள். இதயக் குழாயில் திடீர் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கப்பட்ட 48 பேரிடம், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏழு மையங்களில் சோதனை நடந்தது. தினம் ஒன்றாக மூன்று நாள் நரம்பு ஊசி. கூடிய அளவு, கிலோ எடைக்கு 15 மைக்ரோகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு ஒரு மில்லிகிராம் கூட வராது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலோ 500 மில்லிகிராம். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பது வழக்கம்; இதயத் தசை சேதப்பட்டால் அது ஏறும். கூடிய அளவு ஊசி பெற்றவர்களுக்கு அது குறைவாகவே ஏறியிருந்தது. மருந்தையே முறியடிக்கும் எதிர்ப்பொருள்கள் அவர்கள் உடலில் உருவாகவில்லை. முடிவுகள் 2013-இல் வெளிவந்தன.

இங்கேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து ஸ்டென்டுக்குள் சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 48 பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை. பாதுகாப்பைப் பார்க்க அது போதும், மருந்தென்று அறிவிக்கப் போதாது. நம்பிக்கை தரும் முதல் படி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வீக்கத்தைக் குறைத்தால் எதிர்ப்பு சக்தியும் குறையுமே? ஸ்டீராய்டு மாதிரி ஆகாதா?

சரியான கவலை. வீக்கத்தைத் தணிக்கும் எந்த மருந்துக்கும் இந்த விலை உண்டு. எவ்வளவு விலை, எத்தனை நாளைக்கு என்பதில்தான் வேறுபாடு. ஸ்டீராய்டு எல்லா வகை வெள்ளை அணுக்களையும் ஒருசேரத் தொடுகிறது. வைரஸ் புரதம் பெரும்பாலும் ஒரு நொதி, ஓர் ஏற்பி, ஒரு செய்தி என்று குறிபார்க்கிறது. எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். கொரோனாவில் டெக்ஸாமெத்தசோன் கொடுத்த அனுபவம் நினைவிருக்கும். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020-இல் பிரிட்டன் சோதனை காட்டியது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

இந்த இடத்தில் வைரஸ் புரதம் ஒன்று நமக்குக் கற்றுக்கொடுத்ததையும் சொல்ல வேண்டும். பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வாக்சினியா வைரஸின் சில ரகங்கள் இன்டர்லூகின்-1-ஐப் பிடித்துக்கொள்ளும் பொய் ஏற்பி ஒன்றை வெளிவிடுகின்றன. அந்த ரகம் தொற்றிய எலிகளுக்குக் காய்ச்சல் அடிக்கவில்லை. அந்த ஏற்பிக்கான மரபணுவை நீக்கினால் காய்ச்சல் வந்தது. அல்காமியும் ஸ்மித்தும் 1996-இல் இதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1992-இல், அவர்கள் இன்னொன்றைக் கண்டிருந்தார்கள். மரபணு நீக்கிய வைரஸை மூக்கு வழியாகக் கொடுத்தபோது எலிகள் சீக்கிரமே நோயுற்றன, சீக்கிரமே செத்தன. வைரஸின் புரதம் இருந்தவரை எலிக்குத் தன் காய்ச்சலால் வரும் கேடு குறைவாக இருந்திருக்கிறது! தன் எதிர்ப்பே அளவு மீறினால் உடலுக்கு எதிரி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனையை நான் படித்ததில்லை.

அப்படியானால் அம்மை போடுவது, வைரஸ் தொற்றுவது உடலுக்கு நல்லதா?

இல்லவே இல்லை. சின்னம்மை வந்தால் "உள்ளே இருக்கும் சூடு வெளியே போகிறது" என்று இன்றும் சொல்கிறோம். வேப்பிலை வைத்து, தனியாகப் படுக்க வைத்துக் கவனிப்பதில் அன்பும் இருக்கிறது, தொற்றைத் தடுக்கும் பழக்கமும் இருக்கிறது. ஆனால் தொற்றை விரும்பி வரவழைக்காதீர்கள். சின்னம்மை வைரஸ் பெரியம்மை இனத்தைச் சேர்ந்ததே அல்ல, வேறு குடும்பம். அது நரம்பில் பதுங்கியிருந்து முதுமையில் அக்கியாக வரக்கூடும். அம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ஆபத்து உண்டு.

வைரஸ் தன் புரதத்தை நம் நன்மைக்காகச் செய்வதில்லை. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடலில் வைத்திருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸைப் பாருங்கள். நம் உடலில் வீக்கத்தை அடக்கும் இன்டர்லூகின்-10-இன் நகல் ஒன்றை அது செய்கிறது; 1990-இல் கண்டுபிடித்தார்கள். நம்முடையது சில அணுக்களை அடக்கும், சிலவற்றைத் தூண்டும். வைரஸின் நகலோ அடக்குவதை வைத்துக்கொண்டு தூண்டுவதைப் பெரிதும் விட்டுவிட்டது. அதற்குக் காரணம் 87-வது இடத்தில் ஒற்றை அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் என்று பிறகு தெரிந்தது. மருந்து செய்பவருக்கு இது பெரிய பாடம். ஆனால் அதே வைரஸ்தான் சிலவகைப் புற்றுநோய்களோடும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயோடும் தொடர்புடையது.

எல்லா வைரஸ் புரதங்களும் வீக்கத்தைத் தணிக்குமா?

தணிக்காது. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று நேர்மாறானது. டெங்கு சந்தேகம் என்றால் லேபில் என்எஸ்1 டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்களே, அந்த என்எஸ்1 ஒரு வைரஸ் புரதம்தான். அது வெள்ளை அணுக்களின் ஓர் ஏற்பியைத் தட்டியெழுப்பி அழற்சியைக் கூட்டுகிறது, ரத்தக்குழாய்ச் சுவரைக் கசிய வைக்கிறது என்று 2015-இல் வந்த ஆய்வுகள் காட்டின. டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகும் நோயாளியைக் கண்காணிப்பது இந்தக் கசிவுக்காகத்தான்.

இந்தியாவில் யாராவது இதில் வேலை செய்கிறார்களா?

புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் அரவிந்த் சாகு குழுவினர் நீண்டகாலம் உழைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடர் உண்டு. கிருமியைத் துளைப்பதும், வெள்ளை அணுக்களைக் கூப்பிடுவதும் அதன் வேலை. வாக்சினியா வைரஸ் அதை அடக்க ஒரு புரதம் வைத்திருப்பதை கிரீஷ் கோட்வாலும் பெர்னார்ட் மாஸும் 1988-இல் கண்டார்கள். பெரியம்மை வைரஸிடமும் அதன் சகோதரப் புரதம் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் 11 அமினோ அமிலங்களே வித்தியாசம். ஆனால் மனிதக் காம்ப்ளிமென்டை அடக்குவதில் பெரியம்மையின் புரதம் பல மடங்கு வல்லது. நம் முன்னோரை வீடுவீடாகப் பலிகொண்ட அந்த நோயின் கொடுமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தப் புரதங்கள் எந்த அமினோ அமிலத்தால் எந்த வேலையைச் செய்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது புனே குழுவின் பங்களிப்பு.

எங்கே கிடைக்கும்? எப்போது வரும்?

இப்போது எங்கும் கிடைக்காது. வீக்கத்தைத் தணிக்கும் மருந்தாக எந்த வைரஸ் புரதமும் இதுவரை கடைக்கு வரவில்லை. செர்ப்-1-ஐ உடலில் அதிக நேரம் தங்கும்படி மாற்றி, நுரையீரல் ரத்தக்கசிவு, கொரோனா தொற்று போன்றவற்றுக்கு எலிகளில் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். எலியில் பலித்ததெல்லாம் மனிதரில் பலித்துவிடாது. யாராவது வாட்ஸ்அப்பில் வைரஸ் புரத ஊசி, பவுடர் என்று விற்றால் வாங்காதீர்கள்.

அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். வாரம் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை அது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டால் நீங்களும் வட்டம் போட்டு வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள்.